ஒன்பதாம் படியின் காரணம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவரான டேட்டாபேஸ் நிர்வாகிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அடையாள அட்டையில் இருக்கும் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு நிமிடம் முழிப்பார்கள். பெயர் வந்த கதை சுலபம். எந்தக் கம்ப்யூட்டர்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாலும், முதலில் “இது எங்கிருந்து வருது?” என்பாள். அப்புறம் “எங்க போகுது?” என்பாள். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால், பேனாவை மூடாமலே “ஏன்?” என்பாள். இந்த மூன்றாவது கேள்வி வரும்போதுதான் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் திடீரென்று தாகம் எடுக்கும்.

அவள் செய்யும் வேலையை வெளியாளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு பெரிய மருத்துவமனை, அதற்கு நான்கு கிளைகள், இரண்டு பரிசோதனைக் கூடங்கள். ஒவ்வொன்றும் தன் கம்ப்யூட்டரில் தன் இஷ்டத்துக்கு நோயாளிகளைப் பதிந்து வைத்திருக்கும். ஒரு கிளை இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது போடவே போடாது. இவ்வளவையும் தினமும் நான்கு முறை திரட்டி, திருத்தி, ஒரே ஆளைப் பற்றித் துண்டு துண்டாகக் கிடக்கும் பதிவுகளை ஒட்டவைத்து, நடுவில் இருக்கும் பெரிய டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். அதற்கென்று நாற்பத்தாறு ஓட்டங்கள் இருந்தன. ஓட்டம் என்றால் கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் படிகளின் வரிசை. அதை அமைத்தவர்கள் அமைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் என்ன செய்துவைத்தார்கள் என்பதை மனிதர் படிக்கும் மொழியில் எழுதிவைப்பது அவள் பொறுப்பு. ஓர் ஓட்டம் நடுவழியில் படுத்துவிட்டால், அதை எழுப்ப வருகிறவர் முதலில் திறந்து பார்ப்பது அவள் எழுதிய பக்கத்தைத்தான்.

இதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மிக்ஸி, இவற்றோடு பெட்டிக்குள் வைத்துத் தரும் விளக்கத் தாள்களை அச்சடிக்கும் இடம் அது. தாள் ஒன்றுதான். அதற்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அடங்காவிட்டால் வார்த்தையை வெட்ட வேண்டும். ஐந்து வருடம் வெட்டி வெட்டி அவள் கை அதற்கே பழகிப்போனது. கல்யாணம் நடந்ததுகூட அந்தத் தாளால்தான். லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ஒருநாள் கையில் விளக்கத் தாளோடு வந்து, மூன்றாவது படத்தில் ஒயர் நிறம் மாறியிருக்கிறது, தன் விரல் பொசுங்கிவிட்டது என்று சண்டைக்கு நின்றான். “எழுத்துல ஒரு தப்பு இருந்தா காட்டுங்க” என்று அவளும் விடாமல் மல்லுக்கு நின்றாள். எழுத்தில் தப்பு இல்லைதான். அடுத்த வாரம் வேறொரு தாளை எடுத்துக்கொண்டு வந்தான், அதில் எந்தத் தப்பும் இல்லை. அதற்கடுத்த வாரம் தாளே இல்லாமல் வந்தான்.

மருத்துவமனையில் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அச்சகத்துப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தாள். ஓர் ஓட்டத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. என்ன படி, எத்தனை மணிக்கு, நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்கள் அவள் பக்கங்களைப் படித்துவிட்டு அவளைத் தேடி வந்து நன்றி சொல்வார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்வரை இப்படித்தான் இருந்தது.

மூன்று மாதம் முன்பு வந்த புது மேலாளர் வேகமான ஆள். கெட்டவர் என்று சொல்ல முடியாது, உட்கார்ந்து பேசத்தான் பொறுமை இல்லாதவர். சனிக்கிழமை காலையில் எல்லா ஓட்டங்களும் புது சிஸ்டத்துக்கு மாறுகின்றன. பழையதைத் துடைத்து எடுத்துப் போவதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். காரணம் எழுதப்படாத படி எதுவும் புதியதற்கு வராது. அப்படி மொத்தம் பதினெட்டுப் படிகள். பட்டியலின் தலையில் நின்றது, நோயாளிகளின் பதிவுகளை ஒட்டவைக்கும் ஓட்டத்தின் ஒன்பதாம் படி.

அது செய்வது இதுதான். பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்று இருக்கும் எந்தப் பதிவையும் தானாக ஒட்டாது. ஓரமாக எடுத்துவைத்துக் கீழ்த்தளப் பதிவேட்டு அறைக்கு அனுப்பிவிடும். பிறந்த நாள் தெரியாதவர்களுக்குப் பதிவு மேசையில் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவது எல்லாக் கிளைகளிலும் வழக்கம். அதனால் ஒரே பெயரும் ஒரே தேதியும் கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மேலாளருக்கும் தெரியும்.

“பழைய சிஸ்டம் பேரையும் தேதியையும் மட்டும் பாத்துச்சு. அதனால இந்தப் படி தேவைப்பட்டிருக்கும், ஒத்துக்கறேன்” என்றார் அவர். “புதுசு முகவரியையும் போன் நம்பரையும் சேத்துப் பாக்கும். நாலும் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதானே? தினமும் முப்பது நாப்பது பதிவு இங்க நின்னுடுது. கீழ ஒருத்தங்க உக்காந்து கையால பாத்து விடணும். அவங்களும் நாலு மாசத்துல ரிட்டயர் ஆகறாங்க. இதை இன்னும் எதுக்குக் கட்டி இழுக்கணும்? ஏன்?”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரையே ஏன் என்று கேட்டவளை முதல் தடவையாக இன்னொருவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். திரையில் அவளுடைய பக்கம் பெரிதாகத் தெரிந்தது. ஒன்பதாம் படிக்கு எதிரே ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்.”

“எடுத்துக்கங்க. காரணம் கெடச்சா இருக்கட்டும். கெடைக்கலைன்னா எடுத்துடுவோம்.”

நியாயமான பேச்சுதான். ஆனாலும் அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேரின் பதிவுகளைத் தவறாக ஒட்டிவிட்டால் அப்புறம் பிரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். அது தெரியவரும்போது யாராவது ஒருவர் கட்டிலில் கிடப்பார். அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. இந்தக் காரணம் தனக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது போல ஓர் எண்ணம். நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராமல் படுத்தியது.

சாயங்காலம் வீட்டில் தட்டைக் கழுவிக்கொண்டே கணவனிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்க தொழில்லயும் இதே கதைதான். மோட்டார் ரூம்ல ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூசா விட்டு, பக்கத்துல ‘தொடாதே’ன்னு எழுதிட்டு வந்தேன். அடுத்து வந்தவன் மொத வேலையா அதைத்தான் இறுக்கியிருக்கான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுது. தொடாதேன்னு எழுதினா கை சும்மா இருக்காதும்மா. ஏன்னு எழுதியிருந்தா நின்னிருக்கும். ஒரு வார்த்தை எழுத எனக்குச் சோம்பல்.”

“உங்களுக்குச் சோம்பல். எனக்கு என்னன்னுதான் தெரியல” என்று தட்டைக் கவிழ்த்துவைத்தாள்.

ஒன்பதாம் படியை அமைத்தவர் ஒரு தாடிக்காரர். வேலையை விட்டுப் போய்ப் பத்து வருடம் இருக்கும். புதன்கிழமை முழுவதும் அவரைத் தேடுவதிலேயே போனது. போன் எண் உபயோகத்தில் இல்லை. மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது. அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவருக்குத் தாடி மட்டும் ஞாபகம் இருந்தது, இன்னொருவருக்கு அதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலை டேட்டாபேஸ் நிர்வாகியின் மேசைக்குப் போனாள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் “பேக்கப் எடுத்தாச்சா?” என்று கேட்பதால் அவருக்கு ‘பேக்கப்’ என்றே பெயர் விழுந்திருந்தது. அவள் எழுதிய பக்கங்களின் பழைய பதிப்புகளெல்லாம் அவர் பொறுப்பில், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் கிடந்தன. சனிக்கிழமை புதியது ஓடத் தொடங்கியதும் அந்தப் பெட்டியை அணைத்துவிடுவதாக ஏற்பாடு.

அவர் பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். பதினான்கு, பதிமூன்று, பன்னிரண்டு. எல்லாவற்றிலும் அதே கோடு. மூன்றாம் பதிப்பிலும் கோடு. இரண்டாம் பதிப்பில் கோடு இல்லை. அங்கே எழுத்து இருந்தது.

‘காரணம்: முதியோர் இல்லத்துப் பெண்கள் இருவர். முழு விவரம் பதிவேட்டு அறை சிஸ்டரிடம்.’

அவளுக்கு மூச்சு வந்தது. “கெடச்சுது” என்று அவர் தோளைத் தட்டப் போனாள். அவர் திரும்பவில்லை. மூன்றாம் பதிப்பின் அடிக்குறிப்பைப் பார்த்தபடி இருந்தார். யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று ஒவ்வொரு பதிப்பின் அடியிலும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் அவளுடைய பெயர் இருந்தது. பக்கத்திலேயே அவளுடைய வாசகம்: ‘ஒரு பக்கத்துக்குள் அடக்குவதற்காகத் தேவையற்ற விவரம் நீக்கப்பட்டது.’

பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. கை மட்டும் நினைவுக்கு வந்தது, கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்தில் போய் விழுந்தபோது சுள்ளென்று வந்த எரிச்சலும். எதையாவது வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியிருக்கிறாள்.

பேக்கப் குரலைத் தாழ்த்தினார். “இந்தாங்க ஏன் அக்கா, காரணம் கெடச்சிடுச்சு. அதை எடுத்துப் புதுப் பக்கத்துல போட்டுடுங்க. நாளன்னிக்கு இந்தப் பெட்டி அணைஞ்சுடும். இதுல என்ன இருந்துச்சுன்னு அப்புறம் யாருக்கும் தெரியப்போறதில்ல. நான் எதையும் பாக்கல.”

நல்ல மனிதர். நல்லதைத்தான் சொன்னார். அவள் அந்தக் காரண வரியை மட்டும் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பதிவேட்டு அறைக்கு அவள் அதிகம் போனதில்லை. ஓட்டம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்ததும் தன் எல்லை முடிந்தது என்று நினைத்திருந்தாள். அங்கே தனியாக உட்கார்ந்திருப்பவரை மருத்துவமனையே சிஸ்டர் என்று கூப்பிடும். நர்ஸ் உடுப்பு கிடையாது. சாதாரணச் சேலை, மூக்குக் கண்ணாடி, முன்னால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். குமாஸ்தா வேலை பார்ப்பவரை எதற்காக சிஸ்டர் என்கிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. இத்தனை வருடமாக ஏன் அக்காவும் கேட்டதில்லை.

காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தாடிக்காரர் எழுதிவெச்சாரா?”

“அவர் சொன்னதை நான் எழுதினேன். உங்களை வந்து பாக்கச் சொல்லியிருக்கார். நான் வரல சிஸ்டர்.”

“இப்ப வந்துட்டீங்கல்ல. உக்காருங்கம்மா.”

போனை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அவர் வார்டு நர்ஸ். ஒரே முதியோர் இல்லத்தில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். ஒரே பெயர். இருவருக்கும் பிறந்த நாள் தெரியாது, இல்லத்தில் குத்துமதிப்பாக ஒரே வருடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முகவரி இல்லத்தினுடையது, போன் எண்ணும் இல்லத்தினுடையது. ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட ஊசி மருந்து ஆகாது. மற்றவருக்கு அப்படி எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒருவராக ஒட்டிவிட்டது. ஒட்டும்போது கடைசியாக வந்த பதிவே நின்றது.

“திரையில ‘ஒவ்வாமை இல்லை’ன்னு போட்டிருந்துச்சு. நான் ஊசி போட்டேன். பத்து நிமிஷத்துல தொண்டை வீங்கிப்போச்சு. பதினோரு நாள் கட்டில்ல கெடந்தாங்க. பொழச்சுட்டாங்க, அந்த மட்டும் நல்லது. விசாரணையில என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. ஆனா எனக்கு அதுக்கப்புறம் ஊசியக் கையில எடுக்க முடியல. நானே கேட்டு இங்க வந்துட்டேன். தாடிக்காரர் அந்தப் படியப் போட்டுக் குடுத்தார். தினமும் வர்ற பேரையெல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்து, சந்தேகம் வந்தா அந்தந்த இல்லத்துக்குப் போன் பண்ணி ஆளையே கூப்பிட்டுப் பேசி, அப்புறம்தான் விடுவேன்.”

“பேர், தேதி, முகவரி, போன், நாலும் ஒண்ணா இருந்துச்சா சிஸ்டர்?”

“நாலும் ஒண்ணுதான்.”

சனிக்கிழமை வரப்போகும் புது சிஸ்டமும் அந்த இரண்டு அம்மாக்களை ஒன்றாக ஒட்டித்தான் இருக்கும். இப்போது இல்லங்கள் அதிகம், அங்கே இருப்பவர்களும் அதிகம். மேலாளரின் நான்கு பொருத்தமும் அங்கே செல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே வரியைத்தான் அவள் தேவையற்ற விவரம் என்று எடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் முதலில் எழுந்தாள். இரண்டு அம்மாக்களின் கதையைச் சொன்னாள். நான்கும் ஒத்துப்போனது என்ற இடத்தில் மேலாளர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அங்கேயே அவள் உட்கார்ந்திருக்கலாம். பேக்கப் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு சார். இந்தக் காரணம் மொதல்ல எழுதித்தான் இருந்துச்சு. பக்கம் நீளமாகுதுன்னு அதை எடுத்தது நான்தான்.”

சொல்லும்போது காது மடல் சூடாகியது. பதினெட்டு வருடப் பெருமை ஒரே வாக்கியத்தில் இறங்கிப்போனது அவளுக்கே தெரிந்தது. மேலாளர் பட்டியலில் ஒன்பதாம் படியின் எதிரே ‘இருக்கட்டும்’ என்று எழுதினார். அப்புறம் பட்டியலைக் கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

“பாக்கி பதினேழு இருக்கே. அதுல எத்தனை நீங்க எடுத்தது?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

“தெரியாது சார். பாத்துட்டுச் சொல்றேன்.”

“அப்ப பதினேழும் இப்போதைக்கு வரட்டும்” என்ற மேலாளர், பேக்கப் பக்கம் திரும்பினார். “பழைய பெட்டியை ஒரு மாசம் அணைக்க வேணாம். பேக்கப் எடுத்துவெச்சிருக்கீங்களா?”

இந்தக் கேள்வியை இன்னொருவர் தன்னிடம் கேட்பார் என்று பேக்கப் வாழ்க்கையில் எதிர்பார்த்திருக்க மாட்டார். “ரெண்டு எடுத்திருக்கேன் சார்” என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புது சிஸ்டம் ஓடத் தொடங்கியது. ஒன்பதாம் படியும் கூடவே ஓடியது. முப்பத்தொரு பெயர்கள் கீழே போயின. மற்றவர்கள் திரையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் மேசையில் பழைய பதிப்புகளை ஒன்றாம் எண்ணிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் பதினேழில் எட்டைப் பார்த்து முடித்தாள். ஐந்தில் அவளுடைய பெயர் இருந்தது. ஐந்திலும் அதே வாசகம்.

ஒன்பதாம் படியின் காரணத்தோடு அந்த ஓட்டத்துக்கான புதுப் பக்கத்தை எழுதி, அச்செடுத்து, சரிபார்ப்பதற்காகக் காலையிலேயே கீழே கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு மணிக்கு சிஸ்டர் அந்தக் காகிதத்தோடு நான்கு மாடி ஏறி மேலே வந்தார். அவரை அந்தத் தளத்தில் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை. மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. நான் அன்னிக்கு உங்ககிட்டச் சொல்லல.”

அவள் பேனாவை எடுத்தாள்.

“ஊசியப் பாத்ததும் அந்தம்மா கைய இழுத்துக்கிட்டாங்க. வேணாம்னு தலைய ஆட்டினாங்க. ஏம்மான்னு நான் கேக்கல. ‘ஒண்ணும் ஆகாது, கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன்’னு சொல்லி, கையப் புடிச்சுப் போட்டேன்.” சிஸ்டர் காகிதத்தை மேசையில் வைத்து நீவிவிட்டார். “அதை எழுதுங்க. எனக்கப்புறம் அந்த நாற்காலியில உக்கார வர்றவங்க அதைப் படிக்கணும்.”

“உங்க மேல தப்பில்லைன்னுதானே எழுதிக் குடுத்தாங்க சிஸ்டர். இது வேண்டாமே.”

“தேவையில்லாத விவரமா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுடைய பழைய வாசகம் அவருக்குத் தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

அப்புறம் எழுதினாள். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார், ஏன் என்று நர்ஸ் கேட்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி: இந்தப் படியின் காரணம் மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்டது, நீக்கியவர் இந்தப் பக்கத்தை எழுதுபவர். அதற்கும் கீழே பதிவேட்டு அறையின் போன் எண். அதோடு பக்கம் நிறைந்து, எண் மட்டும் போய் இரண்டாம் பக்கத்தில் விழுந்தது.

பழக்கதோஷத்தில் அவள் கண் வெட்டுவதற்கு ஒரு வரியைத் தேடி மேலே போனது. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு கீழே வந்தாள். சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு பக்கம் ஆயிடுச்சு சிஸ்டர்” என்றாள்.

“ஆகட்டுமே” என்றார் அவர்.

அவள் அதை அப்படியே சேமித்தாள்.